முன்சக்கர முனகலியல்: பழைய காரின் பேரிங் குறித்த ஓர் ஆய்வேடு

1. நோக்கமும் எல்லையும்

யானைக்கு நூல் உண்டு. குதிரைக்கு உண்டு. மாட்டுக்கு வாகடம் உண்டு. பல்லி உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்பதற்குக்கூடப் பஞ்சாங்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பழைய காரின் முன்சக்கரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ‘ஊய்ங்’ என்று முனகத் தொடங்கும் பேரிங்கைப் பற்றித் தமிழில் ஒரு தனிநூல் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. சான்றோர் இத்துறையைத் தீண்டாமல் விட்டதற்கு, அவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் போனவர்கள் என்பதே காரணம் எனக் கருத இடமுண்டு. அக்குறையை நீக்குவதே இவ்வேட்டின் நோக்கம்.

எல்லை வகுக்காத ஆய்வை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. எனவே இங்கே மாருதி 800 மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. காரணங்கள் மூன்று.

முதலாவது, வயது. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை அதன் உரிமையாளரிடம் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று சாலையில் ஓடும் மாருதி 800 ஒவ்வொன்றும் பத்து வயதைத் தாண்டியது; பலவற்றுக்கு அவற்றை ஓட்டுபவரைவிட வயது அதிகம்.

இரண்டாவது, அமைப்பு. 796 சிசி எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால். முன்சக்கரம் பாரம் தாங்குகிறது, வண்டியை இழுக்கிறது, திரும்புகிறது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையையும் செய்கிறது. பின்சக்கரம் கூட வருகிறது. இத்தகைய வேலைப் பங்கீடு கார்களில் மட்டும்தான் உண்டு என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது, உரிமையாளரின் மனநிலை. புதுக்கார் வைத்திருப்பவர் சத்தம் கேட்டால் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்வார். மாருதி 800 வைத்திருப்பவர் சத்தத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார். அபிப்பிராயம் இல்லாத இடத்தில் ஆய்வுக்கு வேலை கிடையாது.

2. முன்னோர் செய்த பணிகள்

ரோம் நகருக்குத் தெற்கே நேமி என்றொரு சிறு ஏரி. 1928 முதல் அதன் நீரை இறைத்தபோது, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெருங்கப்பல்கள் சேற்றிலிருந்து வெளிப்பட்டன. அவற்றில் கிடைத்த பொருள்களுள் வெண்கலக் குண்டுகளின் மேல் சுழலும் மரமேடை ஒன்றின் சிதைவும் இருந்தது. பேரரசர் கலிகுலாவின் காலத்திலேயே, உராய்வதைவிட உருள்வது எளிது என்பதை யாரோ ஒரு தச்சர் கண்டுகொண்டிருக்கிறார். அவர் பெயர் எஞ்சவில்லை. பேரரசரின் பெயர் எஞ்சியிருக்கிறது. வரலாற்றின் பொதுவிதி இதுவே.

1794இல் வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த பிலிப் வாகன், குதிரை வண்டியின் அச்சில் குண்டுகளைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். யோசனை சரி, குண்டுகள்தாம் சரியில்லை. ஒரே அளவில் இல்லாத குண்டுகளில் பெரியது மட்டும் பாரம் சுமக்கும், மற்றவை சும்மா உடன் உருளும். அரசு அலுவலகங்களுக்கு வெளியே இப்படி ஓர் ஏற்பாடு நீடிப்பதில்லை. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் முழு உருண்டையாக அரைத்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். பேரிங் தொழில் பிறந்தது அன்றுதான். 1907இல் ஸ்வீடனின் கோட்டென்பர்க் நகரத்தில், நூற்பாலைப் பொறியாளரான ஸ்வென் விங்க்விஸ்ட் தன்னைத் தானே நேர்ப்படுத்திக்கொள்ளும் பேரிங்கை வடிவமைத்தார். அதிலிருந்து எஸ்கேஎஃப் நிறுவனம் எழுந்தது. 1946இல் ஜெய்ப்பூரில் நேஷனல் எஞ்சினியரிங் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியது. அதன் பேரிங்குகள் தாங்கும் என்பிசி என்ற மூன்றெழுத்தை நம் ஊர் ஸ்பேர்ஸ் கடை அட்டைப்பெட்டிகளில் காணலாம்.

இப்பொருளின் கனத்தை அறிய விரும்புவோர் 1943ஆம் ஆண்டை நோக்குக. பேரிங் இல்லாவிட்டால் ஜெர்மனியின் டாங்கியும் விமானமும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்ட அமெரிக்க விமானப்படை, ஆகஸ்ட் 17 அன்றும் அக்டோபர் 14 அன்றும் ஷ்வைன்ஃபுர்ட்டைத் தாக்கியது. குண்டு செய்த ஊரில் குண்டு விழுந்தது. இரண்டாம் தாக்குதலில் மட்டும் 60 விமானங்கள் திரும்பவில்லை. ஒரு வல்லரசு இவ்வளவு விலை கொடுத்துக் குறிவைத்த பொருளுக்காக நம் கார் உரிமையாளர் ஒரு சனிக்கிழமைக் காலையைக் கொடுக்க யோசிக்கிறார்.

3. முனகல் பற்றிய ஐவகை வாதங்கள்

காருக்குள் முனகல் கேட்டதும் அதில் பயணம் செய்வோர் ஐந்து மதங்களாகப் பிரிவர்.

டயர்வாதிகள், இது டயர் தேய்ந்த சத்தம் என்பர். கியர்பாக்ஸ்வாதிகள், எதையும் பெரிதாகவே நினைக்கும் இயல்பினர்; செலவின் பெருமையில் நம்பிக்கை உடையவர்கள். பேரிங்வாதிகள் சிறுபான்மையினர், பெரும்பாலும் சரியானவர்கள். அதனாலேயே அவர்களோடு நெடும்பயணம் போக யாரும் விரும்புவதில்லை. சூனியவாதிகள், அப்படியொரு சத்தமே இல்லை என்பர். காரை விற்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இம்மதத்தைத் தழுவுவது வழக்கம். ஐந்தாவது இசைவாதம். சத்தம் கூடக் கூடப் பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது இதன் சாதனை முறை. குறைந்த செலவில் உடனடிப் பலன் தருவது இது ஒன்றே. பேரிங்குக்குக் காது கிடையாது என்பதே இதன் ஒரே குறை.

இவ்வாதங்களைத் தீர்க்கப் பட்டறை மரபு சில சோதனைகளை வகுத்துள்ளது.

நியூட்ரல் சோதனை: காலியான சாலையில் வேகமெடுத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் அடங்கியும் முனகல் அடங்கவில்லையெனில், குற்றவாளி சக்கரத்தோடு சுழல்பவன்.

தரைச் சோதனை: தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர். தரை எதுவானாலும் வேகத்துக்கேற்ப மட்டும் ஏறி இறங்கினால் அது பேரிங். ஐயம் தீராதவர்கள் முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றிப் பார்க்கலாம். சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் டயர்வாதிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

வளைவுச் சோதனை: இது ஆழ்ந்த கவனத்துக்குரியது. கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது இடச் சக்கரத்தின் மேல். சாய்ந்த பக்கத்துப் பேரிங் கெட்டிருந்தால் முனகல் ஓங்கும். இதற்கான சோதனைச்சாலையை தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் சென்னைவாசிகளுக்கு இலவசமாகவே கட்டிக்கொடுத்திருக்கிறது. கத்திப்பாரா மேம்பாலத்தின் சுருள்வளைவுகளில் நாம் நெடுநேரம் இடப்பக்கமாகவே சுற்றுகிறோம். ஆகவே அங்கே வலச் சக்கரத்தை மட்டுமே விசாரிக்க இயலும். இடச் சக்கரத்தை விசாரிக்க ஒரு ரவுண்டானா தேவை. சாலையின் இடப்புறம் ஓட்டும் நாடாகையால் ரவுண்டானாவை நாம் வலமாகச் சுற்றுகிறோம்; எடை இடப்பக்கம் சாய்கிறது. ஒருவர் ஒரே ரவுண்டானாவை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை வெளியே சாய்த்தபடி, சிக்னல் போடாமல் மீண்டும் மீண்டும் வலம்வந்தால் அவர் வழிதவறியவர் அல்லர், ஆய்வாளர் என்பதைப் போக்குவரத்துக் காவலர்கள் உணர வேண்டும்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. எனவே இறுதித் தீர்ப்பு கையால்தான். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ‘லொடக்’ என்று ஆடக்கூடாது. ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் அது டை ராடு எண்டின் வேலையாக இருக்கலாம். அது வேறொருவருடைய ஆய்வுக்களம்.

4. உடற்கூறு

பேரிங் என்பது ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இடையில் குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கும் கூடு, இவை வழுக்கிச் செல்லக் கிரீஸ், கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீர் உள்ளேறாமலும் காக்கும் சீல். வளையமும் குண்டும் செய்யப்படும் எஃகில் சுமார் 1 விழுக்காடு கார்பனும் 1.5 விழுக்காடு குரோமியமும் உண்டு. உள்வளையத்துக்குள், சக்கரம் மாட்டப்படும் ஹப் நுழைந்து இறுக்கமாக அமர்கிறது. வெளிவளையம், ஸ்ட்ரட்டோடு பிணைந்த நக்கிளுக்குள் இறுக்கமாக அமர்கிறது. ஹப் சுழலும், நக்கிள் சுழலாது. இவ்விரு பிடிவாதக்காரர்களுக்கு நடுவே சமரசம் பேசுவதே குண்டுகளின் தொழில்.

அத்தொழிலின் அளவை எண்ணிப் பார்க்க. 145/70 ஆர்12 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 627 முறை சுழல்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஆறே கால் கோடிச் சுற்றுகள். இவ்வளவு சுற்றியும் அது கேட்பது ஒருவாய்க் கிரீஸ் மட்டுமே. அதுவும் பிறந்தபோது கொடுத்ததோடு சரி.

பேரிங்கின் ஆயுள் குறித்து ஸ்வீடனின் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் 1947இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். அதிலிருந்து கிளைத்த கணக்கில், ஒரே வகைப் பேரிங்குகள் நூற்றில் தொண்ணூறு பிழைத்திருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையே ‘ஆயுள்’ எனப்படும். மீதிப் பத்தின் கதி பற்றி அக்கணக்கு மௌனம் காக்கிறது. தம்முடைய கார் எப்போதும் அந்தப் பத்தில்தான் இருக்கிறது என்பது எல்லா உரிமையாளர்களின் ஒருமித்த நம்பிக்கை.

அதே கணக்கின்படி, குண்டுப் பேரிங்கின் மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். ஐந்து பேர், இரண்டு சூட்கேஸ், ஒரு மூட்டை அரிசி, திரும்பும்போது ஒரு கூடை மாம்பழம் என்று ஊருக்குப் போய்வரும் குடும்பத்தார் இந்த எட்டில் ஒன்றைக் கவனிக்கவும். பள்ளத்தில் விழும் கணத்தில் பாரம் எத்தனை மடங்காகிறது என்பதை அந்தந்த ஊராட்சியின் சாலைகளே நிர்ணயிக்கும். மழைத்தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் துணிந்து இறங்கிய கார்களின் சீல் வழியே நீர் கசிந்து, கிரீஸ் வெளுத்து, குண்டோடும் பாதையில் துரு பிடிக்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து முனகல் கேட்கும்போது மழையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

5. களப்பணி: பட்டறைச் சமூகம்

வேப்பமர நிழல், எண்ணெய் ஊறிய மண், உயிர்ப்பாகம் கழன்ற ஓர் ஆம்னி வேன், தகரக் கொட்டகை: இதுவே களம். இங்கு வாழ்வோர் மெக்கானிக் அண்ணன், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன், வண்டிக்காரர், எந்த வண்டியும் இல்லாமல் தினமும் வந்து கருத்துச் சொல்லும் பெரியவர் ஆகிய நால்வர். கருத்துகளின் உறுதி இவ்வரிசையில் ஏறிக்கொண்டே போகும்.

வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் நடக்கும் உரையாடல் ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

“முன்னாடி ரைட் சைடு பேரிங் போயிருக்கு சார்.”

“இன்னும் எவ்ளோ நாள் ஓட்டலாம்ணே?”

“ஓட்டலாம் சார். எங்கே போய் நிக்கும்னுதான் சொல்ல முடியாது.”

“கிரீஸ் அடிச்சா அடங்காதா?”

“அடங்கும் சார். நீங்க கேட்டை விட்டு வெளிய போற வரைக்கும் அடங்கும்.”

இதன்பின் இரண்டாம் கட்டம். வேலை பாதி நடந்துகொண்டிருக்கையில் மெக்கானிக் வந்து, “ஹப்பும் போச்சு சார்” என்பார். வண்டிக்காரர் மனத்தில் அந்தக் கணம் எழும் ஐயத்தை இலக்கியங்கள் பாடவில்லை. ஆனால் ஐயப்படுவதற்குமுன் ஹப்பைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். உள்வளையம் பிடிப்பை விட்டு ஹப்பின் மேலேயே சுற்றியிருந்தால், ஹப்பின் தண்டுப் பகுதியில் தேய்மானமும் சூட்டில் நீலம்பாய்ந்த நிறமும் தெரியும். அத்தகைய ஹப்பில் புதுப் பேரிங்கைப் போட்டால் அதுவும் பிடிப்பின்றிச் சுற்றும். மூன்று மாதத்தில் அதே மரநிழல். சக்கரம் மாட்டும் ஸ்டட்டுகளின் மரை தேய்ந்திருந்தாலும் கேள்வி எழும். தண்டு பளபளவென்று சீராக இருந்தால் பழைய ஹப்பே போதும். ஆகவே ‘ஹப்பும் போச்சு’ என்பது நம்பிக்கையின்பாற்பட்டது அன்று. கண்ணால் காண்டற்கு உரியது.

ஸ்பேர்ஸ் வாங்கும் படலம் தனி. சென்னையில் புதிய சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. கடைக்காரர், ஏணியில் ஒரு காலும் செல்போனில் ஒரு காதுமாக நின்றுகொண்டு இரண்டே கேள்வி கேட்பார்: “எந்த வருஷ மாடல்? பழசைக் கொண்டாந்தீங்களா?” முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உண்டு. இரண்டாவதற்கு ஆம் என்று சொல்பவர்களே ஒரே நடையில் வீடு திரும்புவர். பேரிங்கின் முகத்தில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதே முறை. “மாருதிக்கு ஒண்ணு குடுங்க” என்பது முறையன்று.

6. செய்முறை

முதற்படி ஜாக்கி அன்று. சக்கரம் தரையில் இருக்கும்போதே, நடுவிலுள்ள டிரைவ் ஷாஃப்ட் நட்டைத் தளர்த்த வேண்டும். காட்டர் பின்னைப் பிடுங்கி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் பாக்ஸ் ஸ்பேனரைப் பிடிக்க வேண்டும். துருப்பிடித்த நட்டு அசையாது. அப்போது ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு மீட்டர் நீள இரும்புப் பைப்பைச் செருகுவது உலக வழக்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றால் ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். ஆர்க்கிமிடீசின் நெம்புகோல் கொள்கை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையிலும் விளக்கப்படுவதில்லை. பைப் நழுவும் பட்சத்தில் நியூட்டனும் விளக்கப்படுவார். ஆகவே ஏறி நிற்பதைவிட, தரையில் நின்றபடி அழுத்துவதே மேல்.

பிறகு பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுபவர் ஆய்வை முடிக்கும்வரை இருப்பார் என்று சொல்ல முடியாது.

சக்கரம் கழன்றதும் பிரேக் காலிபரைக் கழற்றி, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஓஸின் தலையில் அதைத் தொங்கவிடுவது பாவம். டை ராடு எண்டையும் பால் ஜாயின்டையும் விடுவிக்கையில், போல்டின் மரையைச் சுத்தியலால் அடிக்காமல், அதைச் சூழ்ந்திருக்கும் இரும்புக் கண்ணின் பக்கவாட்டில் அடித்தால் அது தானாகவே விட்டுக்கொடுக்கும். நேரடியாகத் தாக்காமல் சுற்றியுள்ளோர் வழியே அணுகும் இம்முறை பிற துறைகளிலும் பயன்படுவது. ஸ்ட்ரட்டின் போல்டுகளைக் கழற்றுமுன் அவற்றின் நிலையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்வது நலம்.

இப்போது டிரைவ் ஷாஃப்டை உருவி, நக்கிளைக் கையில் ஏந்தி, பிரஸ் வைத்திருக்கும் லேத்துப் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே ஹப்பை அமுக்கி வெளியேற்றும்போது பேரிங் இரண்டாகப் பிரிந்து, உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுவது வழக்கம். அதைப் புல்லர் போட்டு இழுக்கலாம். மறுத்தால் கிரைண்டரால் முக்கால் ஆழம் கீறி, உளியால் ஒரு தட்டு தட்டிப் பிளக்கலாம். கிரைண்டர் ஹப்பின் தண்டைத் தீண்டிவிட்டால், ஐந்தாம் இயலில் கண்ட ‘ஹப்பும் போச்சு’ என்ற கூற்று அப்போது உண்மையாகிவிடும்.

நக்கிளுக்குள் பேரிங்கைப் பூட்டி வைக்கும் சர்க்ளிப்பின் இயல்பு தனியே கூறத் தக்கது. அதற்கான இடுக்கியில் சிக்கும்வரை அது ஒரு சாதாரணக் கம்பி வளையம். விடுபட்ட கணத்தில் பறக்கும் உயிர். பையன் அதைத் தேடிப் போகும் திசைக்கும் அது போன திசைக்கும் தொடர்பு இருந்ததாகப் பட்டறை வரலாற்றில் பதிவு இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதும், புதுச் சர்க்ளிப் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைப்பதும் இதற்குரிய பரிகாரங்கள்.

புதுப் பேரிங்கை நக்கிளில் அமர்த்துவதற்கு முந்திய இரவு குளிர்விப்போர் உண்டு. இதில் அறிவியல் உள்ளது. சென்னையின் 32 டிகிரிக்கும் ஃபிரீஸரின் மைனஸ் 18க்கும் இடையே 50 டிகிரி. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் அவ்வளவு குளிர்ந்தால் 0.036 மில்லிமீட்டர் சுருங்கும். இறுக்கப் பொருத்தத்தில் அது கணிசமான அளவு. ஃபிரீஸரில் மீனுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே பேரிங்கை வைப்பவர், ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். வீட்டாரிடம் முன்னதாகச் சொல்லியும் வைக்க வேண்டும். இரண்டாவது விதியை மீறுவதால் வரும் வெப்பம் முதல் விதியால் கிடைத்த குளிரைவிட அதிகம்.

7. தலையாய தேற்றம்

இவ்வேட்டின் மையக் கருத்து இனித்தான் வருகிறது.

ஸ்வீடனின் யோகன் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு முறை வகுத்தார். 10 மில்லிமீட்டர் கடினக் குண்டு ஒன்றை 3,000 கிலோ விசையால் உலோகத்தின் மேல் அழுத்தி, விழுந்த பள்ளத்தின் அகலத்தை நுண்ணோக்கியால் அளப்பார். இன்றும் உலகெங்கும் இம்முறை வழக்கில் உள்ளது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் இச்சோதனை நாள்தோறும் நடக்கிறது. குண்டு உண்டு, விசை உண்டு, பள்ளமும் உண்டு. அளப்பது மட்டும் இல்லை.

எப்படியெனில், புதுப் பேரிங்கின் வெளிவளையம் நக்கிளுக்குள் இறுக்கமாகப் போக வேண்டும். அதை விட்டுவிட்டு உள்வளையத்தின் மேல் ஒரு பைப்பை வைத்துச் சுத்தியலால் அடித்தால், அந்த விசை உள்வளையத்திலிருந்து குண்டுகளின் வழியேதான் வெளிவளையத்துக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு அடியும் குண்டுகளை வளையத்தின் ஓடுபாதையில் பதிக்கும். குண்டுக்கொரு குழியாக ஓடுபாதை பணியாரக்கல் ஆகிவிடும். வெளியே பார்த்தால் பேரிங் புத்தம்புதிது. உள்ளே அது பிறந்த அன்றே கிழவி. வண்டியை ஓட்டினால் முதல் நாளே முனகும்.

ஆகவே தேற்றம்: இறுக்கமாக அமரும் வளையம் எதுவோ, விசை அதன் மேலேயே விழ வேண்டும், குண்டுகளின் வழியே விசை போகலாகாது. நக்கிளுக்குள் அமர்த்தும்போது வெளிவளையத்தை அழுத்துக. ஹப்பை உள்ளே செலுத்தும்போது அடியில் உள்வளையத்துக்கு முட்டுக்கொடுத்து அழுத்துக. பிரஸ் இல்லாத இடத்தில் பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே சற்றுத் தேய்த்துச் சிறிதாக்கி, அழுத்தும் கருவியாகப் பயன்படுத்தும் மெக்கானிக்குகள் உண்டு. அவர்களுக்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

இத்தேற்றத்திலிருந்து ஒரு துணைமுடிவு கிளைக்கிறது. போட்ட மறுநாளே முனகும் பேரிங்கைக் கண்டு வண்டிக்காரர் “டூப்ளிகேட் சரக்கு” என்பார். மெக்கானிக்கும் “இப்பல்லாம் சரக்கே சரியில்ல சார்” என்று தலையசைப்பார். பெரியவர் அந்தக்காலப் பேரிங்கின் பெருமையைத் தொடங்குவார். மூவரும் ஒத்துப்போகும் அரிய தருணம் அது. அங்கே பேசாமல் இருப்பது ஓரத்தில் கிடக்கும் சுத்தியல் ஒன்றுதான்.

8. தடையும் விடையும்

ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தையும் மாற்ற வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. மறுபக்கத்தைக் கையால் சுழற்றிப் பார்த்து, ஆட்டமும் கரகரப்பும் இல்லையெனில் விட்டுவிடலாம். ஜோடியாக மாற்றுவது திருமணங்களுக்கு உரிய சடங்கு.

திருவாரூர் ஆழித்தேருக்குக் குண்டுப் பேரிங்கா இருந்தது, அது இத்தனை காலம் ஓடவில்லையா எனின், தேர் ஆண்டுக்கொருமுறை நான்கு வீதி சுற்றி நிலைக்கு வந்துவிடும். முட்டுக்கட்டை போட்டுத் திருப்ப ஆள் உண்டு. இழுக்க ஊரே உண்டு. அலுவலகம் போவதற்கு அவ்வேற்பாடு கைகொடாது.

முனகிக்கொண்டே பல மாதம் ஓட்டியவர்கள் இருக்கிறார்களே எனின், இருக்கிறார்கள். சத்தம் முதலில் ‘ஊய்ங்’, பிறகு ‘கர்ர்’, பிறகு ‘கடகட’ என்று முதிரும். கடைசிக் கட்டத்தில் ஹப் சூடேறும், கூடு உடையும், குண்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கும், சக்கரம் தள்ளாடும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்னபேச்சு கேளா. நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நிகழ்வதை ஆய்வாகக் கொள்ள எந்த நெறியாளரும் அனுமதிக்க மாட்டார்.

9. முடிபுகள்

ஒன்று. முனகலைக் கண்டறிவதே பாதி வேலை. எந்தச் சக்கரம் என்று கையால் உறுதி செய்யாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

இரண்டு. பேரிங்கின் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய பேரிங்கை வேலை முடியும்வரை தூக்கி எறியக் கூடாது.

மூன்று. ஹப்பை மாற்றுவதா வேண்டாமா என்பதைத் தண்டின் தேய்மானம் தீர்மானிக்க வேண்டும். வண்டிக்காரரின் கஞ்சத்தனமும் மெக்கானிக்கின் தாராளமும் தீர்மானிக்கக் கூடாது.

நான்கு. பள்ளமும் மழையும் பாரமும் பேரிங்கை மெல்லத் தேய்க்கின்றன. பொருத்தும்போது தவறான வளையத்தில் விழும் சுத்தியலடி அதை ஒரே நாளில் கொல்கிறது. பிரஸ் உள்ள பட்டறையில் நக்கிளைக் கொடுப்பதால் கூடுதலாக ஆகும் செலவு, மீண்டும் ஒரு பேரிங் வாங்குவதைவிடக் குறைவு.

ஐந்து. டிரைவ் ஷாஃப்ட் நட்டை முடுக்காத காரை ஓரடிகூட உருட்டக் கூடாது. அந்த நட்டுதான் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சக்கரம் தரையில் நிற்கும்போது கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, புதுக் காட்டர் பின் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதால் மிச்சமாகும் சில்லறைக்காக யாரும் பாராட்டப் போவதில்லை.

ஆறு. ஸ்ட்ரட்டையும் டை ராடையும் கழற்றிய காருக்கு வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். வேலை முடிந்து ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, வண்டியை நிழலில் நிறுத்தி, நான்கு சக்கர நட்டுகளையும் ஸ்பேனர் போட்டு இன்னொருமுறை முடுக்கிப் பாருங்கள்.